ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு விசுவாசத்திலிருந்து பலம் எப்படி வருகிறது?

நாஞ்சில் தாய் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் மகனுக்கு ஒன்பது வயது ஆகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். பிறகு வலிப்பும் சேர்ந்துகொண்டது. பேச்சு மிகக் குறைவு, வேண்டியதைப் படங்களைக் காட்டித்தான் தெரிவிப்பான். நடுச்சாமத்தில் விழித்துக்கொண்டால் விடியும்வரை தூங்கமாட்டான். நான் குமரி மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியின் வசனப் போட்டிகளில் பரிசு வாங்கி வளர்ந்தவள். ஆகையால் தயவுசெய்து யாரும் எனக்கு வசனங்களை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

விசுவாசம் பலம் தரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது பிள்ளை ஏற மறுத்துத் தெருவிலே படுத்துக்கொள்ள, அக்கம்பக்கத்தார் கூடி நின்று பார்க்கிற அந்த வேளையில், அந்தப் பலம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதே என் கேள்வி. சபையில் சிலர், யார் செய்த பாவமோ என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். வேறு சிலர், விசேஷித்த பிள்ளையை ஆண்டவர் விசேஷித்த தாய்க்குத்தான் கொடுப்பார் என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடுகிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் இந்த இரண்டாவது பேச்சும் எனக்குக் களைப்பைத்தான் தருகிறது. இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டு வார்த்தைகளுக்குள் தூங்கிவிடுகிறேன். இது அவிசுவாசமா?

பாளை ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

அன்பு மகளே, என் மூத்த மகளுக்கு மூளை முடக்குவாதம். இப்போது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் பிராணனை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான். அங்கே வந்த தேவதூதன் அவனுக்கு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டவன் மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் முறை எழுப்பும்போதுதான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லப்படுகிறது. ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்கும் பிறகுதான். தூக்கமும் சோறும் கிடைக்காத தாயிடம் விசுவாசத்தின் அளவைச் சோதிப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

பலம் எந்த வழியாக வருகிறது என்றும் கேட்டாய். எண்ணாகமம் 11-ஐ எடுத்து நிதானமாக வாசித்துப் பார். மோசே தேவனிடம், இந்த ஜனங்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், பால்குடிக்கும் பிள்ளையைத் தகப்பன் சுமப்பதுபோல இவர்களைச் சுமந்துகொண்டு போ என்று நீர் எனக்குச் சொல்லலாமா என்று வாதாடுகிறான். "நான் ஒருவனாய்த் தாங்கக் கூடாது" என்கிறான். இப்படியே விடுவதானால் என்னைக் கொன்றுபோடும் என்றுகூடச் சொல்கிறான். வேதத்தில் பிள்ளை வளர்ப்பின் களைப்பை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் ஓர் ஆண்மகனின் வாயிலிருந்து வருகிறது! அதற்குத் தேவன் தந்த பதில் எழுபது மூப்பர்கள். "உன்னோடேகூட அவர்களும் அதைச் சுமப்பதற்காக" என்றே அவர் காரணம் சொல்லுகிறார். மோசேயைத் தனியாகவே இன்னும் பெரிய வீரனாக்க அவரால் முடியாதா? அவர் அதைச் செய்யவில்லை. நாற்பது வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான்.

எங்கள் சேகரத்தில் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த சிலர், என் மகள் சிறுமியாக இருந்த காலத்தில் வாரந்தோறும் ஒரு பிற்பகலை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். அவர்களில் ஒருவரும் பயிற்சி பெற்றவர் அல்லர். எப்படி ஊட்டுவது, எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்பதை என்னிடமே கேட்டுப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பிற்பகல்களில் நான் பெரும்பாலும் தூங்கினேன். என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

சபை ஊழியர் எழுதியது:

ஆசிரியை அம்மா எழுதியது உண்மை. ஆனாலும் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். நம்முடைய தேவன் சுகமளிக்கிறவர். மாற்கு 9-ல் ஆவி பிடித்த பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பனிடம் இயேசு, விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்றார், பிள்ளை விடுதலையானான். பாரத்தைப் பகிர்ந்துகொள்வதோடு நாம் நின்றுவிட்டால், அற்புதத்தை எதிர்பார்ப்பதையே விட்டுவிடுவோமே என்ற பயம் எனக்கு உண்டு. சகோதரி உபவாசித்து ஜெபிக்கட்டும். மருந்தின்மேல் இருக்கிற நம்பிக்கையை ஆண்டவர்மேல் திருப்பட்டும்.

வேலூர் சிறப்பாசிரியர் எழுதியது:

ஊழியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்படியே விட்டுச்செல்ல முடியாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனால் களைத்துப்போன ஒரு தாயோ, அவசரப்படுகிற ஒரு மாமியாரோ அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். மருந்தின் அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் நரம்பியல் மருத்துவர் செய்யவேண்டிய வேலை.

நீங்கள் காட்டிய அதே மாற்கு 9-ஐ நானும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே இயேசு முதலில் தகப்பனிடம், இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். சிறுவயதுமுதற்கொண்டே என்று அவர் சொல்ல, பிள்ளை தீயிலும் தண்ணீரிலும் விழுந்த கதையெல்லாம் வெளிவருகிறது. நாங்கள் ஒரு பிள்ளையைப் பார்க்கத் தொடங்கும் முதல் நாளில் செய்வதும் பெற்றோரிடம் இப்படி விவரம் கேட்பதுதான். கூட்டமும் வேதபாரகரின் தர்க்கமும் சுற்றி நிற்க, அந்தத் தகப்பனைப் பேசவைத்து, ஆண்டவர் காதுகொடுத்துக் கேட்டார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அவர் கதறிய பிறகுதான் பிள்ளை சுகமானான். பாதி விசுவாசத்தோடு நின்ற அந்தப் பெற்றவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை என்பதையும் நாம் பிரசங்கிக்க வேண்டும்.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பேய் பிடித்ததும் அல்ல, தாய் கவனிக்காமல் விட்டதால் வந்ததும் அல்ல. ஒருகாலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று பழி சுமத்தினார்கள். 1960-களில் ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அதை ஆதாரங்களோடு மறுத்த பிறகே அந்தக் கருத்து மெல்லத் தளர்ந்தது. அதே பழியைச் சபை வேறு பெயரில் தாயின் தலையில் ஏற்றக் கூடாது. யோவான் 9-ல் சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே மூடிவிட்டார். நாஞ்சில் சகோதரியின் சபையில் அதை மறுபடி திறந்தவர்கள் யாராக இருந்தாலும், அந்த வசனத்தை அவர்களுக்கு அவர்களுடைய ஆயரே வாசித்துக்காட்டுவது நல்லது.

சபை ஊழியர் எழுதியது:

மருந்தை நிறுத்துங்கள் என்பது என் கருத்து அல்ல. அப்படிப் பொருள்படும் அந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடமாட்டேன். அந்தத் தாயும் விடவேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாஞ்சில் தாய் எழுதியது:

விடவில்லை ஐயா. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அவனைக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் அவனுக்கு வேதனையாகிவிட்டன. காதுகளைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். அதைப் பார்த்து, ஆவி எதிர்க்கிறது என்று இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். அவன் எதிர்த்தது சத்தத்தை. இப்போது அவனுக்காக ஜெபிக்க வருகிறவர்களிடம் கூடத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலருக்கு அது ஜெபமாகவே தோன்றவில்லை.

ஆசிரியை அம்மா, அந்த எழுபது மூப்பர்களைப் பற்றி இரவு முழுவதும் யோசித்தேன். எனக்குக் கேட்கத்தான் தெரியவில்லை. உதவி கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒன்று; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் விட்டு, அவன் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொன்று.

முத்துநகர் தந்தை எழுதியது:

நான் தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கன். எனக்கு டவுன் நோய்க்குறி உள்ள மகள் இருக்கிறாள். இந்த இழையில் இதுவரை தாய்மார்களைப் பற்றியே பேச்சு நடப்பதால் தகப்பன்மாரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

பிரெஞ்சு தளபதியும் பின்னாளில் அந்நாட்டின் அதிபருமான சார்லஸ் டி கோல் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவருடைய இளைய மகள் ஆன் 1928-இல் டவுன் நோய்க்குறியோடு பிறந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வசதியுள்ள குடும்பங்கள் கண்மறைவாக எங்கேயாவது விட்டுவிடுவது வழக்கமாக இருந்த காலம் அது. அவரும் அவருடைய மனைவியும் மகளைத் தங்களோடேயே வைத்துக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளைகளிடமும்கூடக் கொஞ்சிப் பேசாதவர் என்று பெயர் எடுத்த அந்த மனிதர், அவளுக்காக மட்டும் பாட்டுப் பாடுவார், கதை சொல்லுவார், அவளோடு ஆடுவார். 1948-இல் இருபது வயதில் அவள் இறந்தாள். 1970-இல் அவர் இறந்தபோது நாட்டின் பெரிய கல்லறை மாளிகை எதிலும் வைக்கப்படாமல், அவருடைய விருப்பப்படியே கிராமத்துக் கல்லறையில் அவளருகே அடக்கம் செய்யப்பட்டார். மற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவும் அவர்கள் ஆன் பெயரில் ஓர் இல்லம் தொடங்கினார்கள். அவருடைய அரசியலைப் பற்றி எனக்கு ஆயிரம் கேள்விகள் உண்டு. தகப்பனாக அவரிடம் எனக்குக் குறை இல்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்குக் குறை என்று தெரிந்ததும் தகப்பன் வேலையிலும் வெளிநாட்டிலும் ஒளிந்துகொள்கிறான். பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறான். வளைகுடாவுக்குப் போன என் நண்பர்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை வளர்க்கும் விதத்தைப் பற்றிய எபேசியர் 6:4 பிதாக்களை நோக்கித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தெரபிக்குக் கூட்டிச் செல்வதும், நடு இரவில் விழித்திருப்பதும், மலம் கழுவிவிடுவதும் தகப்பனுக்கு உரிய கிறிஸ்தவக் கடமை என்று நம் ஆலயங்களில் தந்தையர் தினத்தன்றாவது யாராவது மறையுரை ஆற்றியதுண்டா?

சகோதரியின் கூச்சத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் பங்கில் அன்பியம் என்ற பெயரில் தெருவாரியாகச் சில குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் நான் பொதுவாக, எங்களுக்காகச் செபியுங்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழுவரை மகளோடு கடற்கரையில் நடக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். நேரமும் வேலையும் இன்னதென்று தெரிந்ததும் கைகள் உயர்ந்தன. பொதுவாகக் கேட்டால் பொதுவான செபம்தான் கிடைக்கும்.

இளம் தகப்பன் எழுதியது:

என் மகனுக்கு நான்கு வயது. சமீபத்தில்தான் ஆட்டிசம் என்றார்கள். என் அப்பா நீதிமொழிகள் 13:24-ஐக் காட்டி, பிரம்பைக் கையாடாததால்தான் பையன் இப்படி அலறுகிறான் என்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா தம் பிள்ளைகளை ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் மெதுவாக அழவும் பழக்கினார் என்று சபையிலும் உதாரணம் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

வேலூர் சிறப்பாசிரியர் எழுதியது:

தம்பி, அடிக்க வேண்டாம். கீழ்ப்படியாமையும் புலன் நெருக்கடியால் வரும் அலறலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கேட்டதைக் கொடுத்தவுடன் நின்றால் அது பிடிவாதமாக இருக்கலாம். கொடுத்தாலும் நிற்காமல், சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் குறைந்தபிறகே தணிகிறது என்றால் அவன் தாங்கமுடியாமல் அலறுகிறான். அந்த நேரத்தில் விழும் அடி அவனுக்குப் பாடமாகாது, இன்னொரு வேதனையாக மட்டுமே சேரும். கொலோசெயர் 3:21-ல் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் எழுதியதையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். எது அவனைத் தூண்டுகிறது என்பதை ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துவந்தால் சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தென்படும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கான பிரிவில் பெற்றோரும் கூடவே இருந்து பயிற்சியைக் கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளையை நிபுணரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதைவிட, பெற்றோரின் கைக்குத் திறமையைக் கொடுத்து அனுப்புவது நீடித்த பலன் தரும் என்பதை நான் என் வேலையில் அன்றாடம் பார்க்கிறேன்.

பாளை ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

சூசன்னா அம்மையாரின் பெயர் வந்ததால் சொல்லவேண்டியிருக்கிறது. பாதிக் கதையைத்தான் நம் பிரசங்கிமார் சொல்கிறார்கள். அவர் பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவர்களில் 9 பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1709-இல் எப்வொர்த்தில் இருந்த வீடு எரிந்தபோது ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக மீட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்தார், ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆசிரியரான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமை மாலையை நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதினார். பிரம்பைப் பற்றிய சூசன்னாவின் விதி 300 ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தின் விதி. அதை அங்கேயே விட்டுவிடலாம். அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பேச்சு வராத பிள்ளையோடும் தரையில் உட்கார்ந்து, அவன் உருட்டுகிற சக்கரத்தை நீங்களும் உருட்டலாம்.

நெறியாளர் எழுதியது:

சுகமளிக்கும் கூட்டங்கள் சரியா தவறா என்ற விவாதத்துக்காக வந்த இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். இங்கே பெற்றோரின் பலத்தைப் பற்றிய பேச்சு தொடரட்டும்.

நாஞ்சில் தாய் எழுதியது:

முத்துநகர் அண்ணன் சொன்னபடியே செய்தேன். ஐக்கியக் கூட்டத்தில், ஞாயிறு ஆராதனையின்போது பிரசங்க நேரத்தில் மட்டும் மகனோடு ஆலய வளாகத்தில் நிற்க ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர், யார் செய்த பாவமோ என்று முன்பு பேசியவர். அவரை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னும் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொரு பாரம் இருக்கிறது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? நடு இரவில் விழித்திருக்கும்போது ஜெபத்தை நிறுத்துகிற கேள்வி இதுதான். 88-ஆம் சங்கீதத்தைத்தான் அப்போது வாசிக்க முடிகிறது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று ஒரு விடிவும் சொல்லாமலே அது முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

பாளை ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

மகளே, எனக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறபடியால் இந்தக் கேள்வி உன்னைவிட எனக்கு அருகில் இருக்கிறது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் காகித வேலையைத் தள்ளிப்போடுவதை நான் விசுவாசம் என்று எண்ணவில்லை. சிலுவையில் தொங்கும் நேரத்திலும் இயேசு தம் தாயை இன்னாருடைய பொறுப்பு என்று ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். தேவகுமாரனுக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகியவற்றுக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனபிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிக் குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் அது இல்லை. உன் மகனுக்கு யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் அதில் தொடங்கு. உன் சபையிலிருந்தே இளைய தம்பதியர் ஒருவரை இப்போதே பிள்ளையோடு பழகவிடு. பாதுகாவலரைத் தேடும்போது அவனை அறியாத ஒருவரைத் தேடவேண்டிய நிலை வரக்கூடாது.

முத்துநகர் தந்தை எழுதியது:

ஆசிரியை அம்மாவின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாற்கு 2-ல் நான்கு பேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனை வீட்டுக் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றித் தனியாக அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. ஜெபிக்க முடியாத இரவுகளில் என் விசுவாசத்தை என் அன்பியத்தார் சுமக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாஞ்சில் சகோதரியிடம் ஒரு கேள்வி: ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து உங்கள் மகனுக்கு உண்டா? எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 777-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் நிலைக்கு ஏற்ற அளவில் மறைக்கல்வி கொடுக்கவேண்டும் என்று பங்குத்தந்தைக்குக் கடமை விதிக்கிறது. அதைக் காட்டித்தான் என் மகளுக்கு முதல் நற்கருணைக்கு (நாங்கள் திருவிருந்தை அப்படித்தான் சொல்வோம்) ஏற்பாடு செய்தோம். கேள்வி பதிலுக்கு மாறாகப் படங்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நாஞ்சில் தாய் எழுதியது:

எங்களிடம் திருவிருந்துக்கு முன் பெறும் திடப்படுத்தலுக்கு வினாவிடையை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும் என்பதால் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை அண்ணா. எங்கள் ஆயரான ஐயரிடம் கேட்கிறேன். சிறப்பாசிரியர் ஐயா, படங்களை வைத்து அப்பத்தையும் ரசத்தையும் விளக்கும் அட்டைகளை எப்படித் தயாரிப்பது என்று எழுதமுடியுமா? அவன் பயன்படுத்தும் பட அட்டைகளில் சாப்பாட்டுக்கு ஒரு படம் ஏற்கனவே இருக்கிறது. அதோடு குழப்பிக்கொள்வானோ என்று தயங்குகிறேன்.

வேலூர் சிறப்பாசிரியர் எழுதியது:

குழப்பம் வராமல் இருக்க உங்கள் ஆலயத்தின் திருவிருந்து மேசையையும் கிண்ணத்தையும் உங்கள் ஐயரின் கையையுமே புகைப்படம் எடுத்துப் பயன்படுத்துங்கள். வரைந்த படம் வேண்டாம். முதலில் காலியான ஆலயத்துக்கு, ஆராதனை இல்லாத நாளில் கூட்டிச் சென்று அந்த இடங்களைப் படங்களோடு பொருத்திக் காட்டுங்கள். அப்பத்தின் சுவையும் தொடுவுணர்வும் அவனுக்கு ஒத்துவருமா என்று வீட்டில் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. சாப்பாட்டுப் படம் அட்டைகளில் இருக்கட்டும், அதை நீக்க வேண்டாம்.